சூரன்போருக்குப் பிறகு வரும் தசமி

எங்கள் பள்ளிக்கூட வாசலில் ‘இன்றைய நாள்’ என்று தலைப்பிட்ட ஒரு கரும்பலகை இருக்கிறது. நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் இந்தத் திகதியில் பிறந்த பெரியவர்கள், மறுபக்கம் இறந்த பெரியவர்கள், கீழே இடம் மிஞ்சினால் உலகத்தில் நடந்த சங்கதிகள். பிள்ளைகள் வருமுன் அதை எழுதி முடிக்க வேண்டும். வரலாறு படிப்பிக்கிறவள் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. விஞ்ஞான ரீச்சருக்கு ஆய்வுகூடம், சங்கீத ரீச்சருக்குச் சுருதிப்பெட்டி, எனக்கு வெண்கட்டித் தூளும் தும்மலும்.

அதைப் பிள்ளைகள் வாசிப்பதில்லை. அதிபர் வாசிப்பதாக நடிப்பார். உண்மையில் வாசித்தவர் ஒரே ஒருவர்தான், எங்கள் கன்ரீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற அக்கா. அம்மாவின் வயதுதான் இருக்கும், ஆனால் அதிபர் முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளை வரை எல்லாருக்கும் அவர் அக்கா. திரியாயில் பிறந்து, சண்டைக்காலத்தில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், அங்கே அகதி முகாமில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவர். காலையில் வடைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்று சத்தமாக வாசிப்பார். வாசித்து முடித்து ஒரு தீர்ப்பும் சொல்வார்.

“முப்பத்திரண்டு வயசிலயே செத்திட்டாராம். பாவம், ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டார்.”

நான் சிரிப்பேன். அன்றைய என் வேலைக்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன்.

ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள் அவர் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. தட்டை இறக்கி வைத்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரீச்சர், இந்த மனுசன் செத்து இருநூறு வருசமாம். எங்கேயோ ஒரு தேசம். அவற்ர நாளை நீங்கள் திருகோணமலையில இருந்து எழுதுறீங்கள். என்ர அப்பா செத்த நாளைக் கண்டுபிடிக்க ஏலாதோ?”

அவருடைய தகப்பன் வள்ளத்தில் ஏற மறுத்தவராம். கடல் தனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டு, ஊர்ச்சனத்தோடு காட்டுப் பாதையால் நடந்திருக்கிறார். வருடக்கணக்காகத் தகவல் இல்லை. பிறகு முகாமுக்கு வந்த யாரோ ஒருவர், நகரத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாய் இருந்த இடத்தில் அவர் செத்துப்போய்விட்டதாகச் சொன்னாராம். எந்த நாள் என்று சொன்னவருக்கும் தெரியாது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை என்று ஐயர் சொல்ல, அன்றுமுதல் ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து வருகிறார்.

“அது எல்லாருக்கும் பொதுவான நாள் ரீச்சர். முகாமில நாங்கள் வரிசையில நிண்டு சாப்பிட்டனாங்கள். செத்த பிறகும் அந்த மனுசன் வரிசையில நிண்டோ சாப்பிட வேணும்? அவருக்கெண்டு ஒரு நாள் வேண்டாமோ?”

எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் என்று கேட்டேன். சொன்னார். என் அம்மாவும் அப்பாவும் திரியாய்க்கு அடுத்த ஊர்ச் சனம்தான். அந்த வருடம் காட்டுப் பாதையால் நடந்து வந்து அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தார்கள். நான் பிறந்ததே அங்கேதான். என் அம்மாவுக்குக் கட்டாயம் தெரியும் என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்தேன். அந்த நேரத்தில் என் வாய் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

பின்னேரம் அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் கேட்டேன். அரிசி அரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எனக்கொண்டும் ஞாபகமில்லை.”

அம்மா மறக்கிற ஆள் இல்லை. அயலட்டையில் எந்தக் கலியாண வீட்டில் எந்தக் கறிக்கு உப்புக் கூடியது என்று இன்றைக்கும் சொல்வார். பக்கத்தில் ஒரு கிழவர் செத்ததை மறந்தாராம்! நான் விடாமல் கேட்க, “அந்த நேரம் நாளை ஆர் எண்ணினது? போய் உன்ர வேலையைப் பார்” என்று குசினிக்குள் போய்விட்டார். அன்று பாத்திரங்கள் எல்லாம் வழமையை விடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் யோசிப்பதில்லை. வந்த சனிக்கிழமை அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கன்ரீன் அக்காவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தவர் கதிரையின் நுனியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். முன்பின் அறியாதவர்களிடம் ஊரும் உறவும் விசாரிக்காமல் விடமாட்டார். அன்று ஒன்றும் விசாரிக்கவில்லை. அக்கா தேத்தண்ணியைத் தொடாமல் கேட்டார்.

“அக்கா, என்ர அப்பா மெலிஞ்ச ஆள். நல்ல உயரம். எப்பவும் வாயில சுருட்டு. நெருப்பு இல்லாட்டியும் சும்மா கடிச்சுக்கொண்டு இருப்பார். அப்பிடி ஒராளைக் கண்டனீங்களோ? நாள்கூட வேண்டாம். கண்டனெண்டு சொன்னாலே போதும்.”

அம்மா சுவரோடு சாய்ந்து நிலத்தில் அமர்ந்தார். சேலைத் தலைப்பை விரலில் சுருட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், அக்காவைப் பார்க்கவில்லை.

“அவற்ர இடத்தை நான்தான் எடுத்தனான்.”

அப்போது ஐப்பசி அடைமழையாம். வகுப்பறை ஓடெல்லாம் உடைந்து ஒழுகியதாம். நனையாத மூலை ஒன்றே ஒன்றுதான். காய்ச்சலோடு வந்த அந்தக் கிழவரை அங்கேதான் படுக்க விட்டிருந்தார்கள். மத்தியானம் அம்மாவுக்குப் பிரசவ நோக் கண்டது. பெண்கள் சேலையைக் கட்டி மறைக்க இடம் தேடி நின்றபோது, ஒருவரும் கேட்காமலே அந்த மனிதர் எழும்பினாராம். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தூவானம் அடிக்கிற விறாந்தையில் போய் இருந்தாராம்.

“வேண்டாம் ஐயா, நீங்கள் படுங்கோ எண்டு நான் சொல்லியிருக்க வேணும், தங்கச்சி. சொல்லேல்ல. நோவில எனக்கு ஒருத்தரும் கண்ணுக்குத் தெரியேல்ல. பொழுதுபட இவள் பிறந்தாள். இவளைத் துடைச்சு என்ர பக்கத்தில கிடத்தி முடியேல்ல, வெளியில அவர் போயிட்டார்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஐப்பசியில் நான் எப்படிப் பிறந்திருக்க முடியும்? என் பிறந்தநாள் மார்கழி விடுமுறையில் வருவது. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், ஒரு பிள்ளையும் வாழ்த்தாது என்று வருடா வருடம் முணுமுணுப்பவள் நான்.

“அது அப்பா பதிவில குடுத்த நாள்” என்றார் அம்மா. “சனத்தின்ர வாய் உனக்குத் தெரியாது. பிறக்கேக்கையே ஒரு உயிரைக் கொண்டுபோனவள் எண்டு உன்னைச் சொல்லிப்போடுவினம் எண்டு எனக்குப் பயம். அழுது குளறித்தான் அப்பாவை மாத்திச் சொல்ல வைச்சனான்.”

ஆனால் அந்த நேரத்தில் என் பிறந்தநாளா பெரிசு? கன்ரீன் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவருடைய தகப்பனுடைய நனையாத இடத்தை வாங்கிக்கொண்டு பிறந்தவள் அவருக்கு முன்னால் நிற்கிறேன். அவர் ஏசினால் ஏசட்டும், எழும்பிப் போனால் போகட்டும் என்று நினைத்தேன். பயமாக இருந்தது.

அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

“தனியவோ இருந்தவர்?”

“ஐயோ, இல்லைத் தங்கச்சி! பிள்ளை பெறுகிற இடத்தில ஆம்பிளையளுக்கு என்ன வேலை? இவளின்ர அப்பாவும் விறாந்தையிலதான் நிண்டவர். சுடுதண்ணி பருக்கினவர். தன்ர மடியிலதான் உங்கட அப்பான்ர தலையை வைச்சிருந்தவர். பிள்ளையின்ர சத்தம் கேட்டவுடன, ‘என்ன பிள்ளை எண்டு கேள் தம்பி’ எண்டு உங்கட அப்பாதான் சொன்னவராம். பொம்பிளைப் பிள்ளை எண்டு உள்ளுக்கிருந்து சொன்னவை. ‘நல்லா இருக்கட்டும்’ எண்டவர். அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்லையாம்.”

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். காட்டுப் பாதையில் எங்கோ விழுந்து கிடந்து, தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் தகப்பன் செத்ததாகத்தான் இத்தனை வருடமும் அவருடைய நித்திரையில் வந்ததாம். பள்ளிக்கூடம் என்று முகாமுக்கு வந்தவர் சொன்னபோதும் நம்ப மனம் வரவில்லையாம். மனத்தைத் தேற்றச் சொன்ன கதை என்றே நினைத்தாராம்.

“மடியிலயோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். “ஓம் தங்கச்சி, மடியிலதான்” என்று அம்மாவும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகுதான் நாளைப் பற்றிய கதை வந்தது. பிரேதத்தை எடுக்கும்போது ஒரு பெரியவர், “சூரன்போர் முடிஞ்சு வந்த தசமி, ஆரும் உறவுக்காரர் கேட்டால் சொல்லுங்கோ” என்று உரத்துச் சொன்னாராம். சேலை மறைப்புக்குள் என்னை அணைத்துக்கொண்டு கிடந்த அம்மாவின் காதில் அது விழுந்திருக்கிறது. நான் பிறந்த நாளை அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த மனிதர் இறந்த நாளைத்தான் சொன்னார்கள்.

“அந்தத் தசமியை நான் ஒரு வருசமும் விட்டதில்லை” என்றார் அம்மா, ஏதோ களவு எடுத்ததைச் சொல்வதுபோல மெல்ல. “பேர் தெரியாது, ஊர் மட்டும்தான் தெரியும். எண்டாலும் ஒரு இலை போட்டுப் படைச்சு, காகத்துக்கு வைச்சுப்போட்டு, கோயிலடியில இருக்கிற ஒரு வயசாளிக்குச் சோறு குடுப்பன்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கந்தசஷ்டி விரதம் முடிந்து பாறணையும் முடிந்து, ஊரெல்லாம் மீன் வாங்க ஓடும்போது, எங்கள் வீட்டில் மட்டும் தசமி கழியும்வரை மச்சம் காய்ச்சுவதில்லை. பக்கத்து வீட்டுச் சூரைமீன் குழம்பு மணக்க மணக்க, முருகனுக்கே இவ்வளவு பக்தி தேவைப்படாது என்று நான் அம்மாவோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

அக்கா மூக்கைச் சிந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“என்ன கறி அக்கா வைச்சுப் படைப்பீங்கள்?”

“வாழைக்காய், பயித்தங்காய், பருப்பு, பாயாசம்… பூசணிக்காய்க் கறி கட்டாயம் வைப்பன்.”

அக்கா அம்மாவையே பார்த்தார். பார்த்தபடி குலுங்கத் தொடங்கினார். திரும்ப அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரிப்பு.

“என்ர அப்பாவுக்குப் பூசணிக்காயைக் கண்ணிலயும் காட்ட ஏலாது அக்கா! கறிச்சட்டியோட முற்றத்தில எறிஞ்சவர்!”

அம்மா வாயைப் பிளந்தார். “அட கடவுளே, இத்தனை வருசமும்…” என்று தலையில் கை வைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆளையாள் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அம்மா அப்படிச் சிரித்ததை அப்பா போன பிறகு நான் காணவில்லை.

இரவு சாப்பாட்டுக்கு வந்த என் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கைத்தொலைபேசியில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி, அந்த வருடத்துத் தசமி எந்தத் திகதி என்று அவரே கண்டுபிடித்துத் தந்தார். நான் நினைத்ததை விட ஒன்றரை மாதம் மூத்தவள். எங்கள் கலியாணத்துக்குப் பொருத்தம் பார்த்ததோ அந்தப் பொய்த் திகதியில் எழுதிய குறிப்பை வைத்து.

“அப்ப நான் கட்டினது ஆரை?” என்று கேட்டார் மனிதர். “எட்டுப் பொருத்தம் எண்டெல்லோ சொன்னவை. இப்ப ஆரிட்டப் போய்க் கேக்கிறது?”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பாயில் இருந்தபடி, “ஒரு சாவோட பிறந்த நாளை உன்ர தலையில கட்டிப்போட்டன்” என்றார். நான் பக்கத்தில் போய் அமர்ந்தேன். இத்தனை வருடமாகப் பலகை எழுதுகிறேன், கோட்டுக்கு ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் வெறுமையாக நின்ற நாள் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அதுதான் உண்மை. அம்மா என் முகத்தைத் தடவிவிட்டு, “எனக்கு உன்ர பலகையைப் பற்றி என்ன தெரியும்” என்றார். ஆனால் அன்று பாயில் சரிந்தவுடனே நித்திரையாகிவிட்டார்.

சூரன்போர் முடிந்து தசமி வந்தது. இனிமேல் நீங்களே செய்யுங்கோ என்று அம்மா விட்டுக்கொடுக்கப் பார்த்தார். கன்ரீன் அக்கா கேட்கவில்லை. அவர் வாடகைக்கு இருக்கிற சின்ன வீட்டுக் குசினியில், விடிந்ததிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தார்கள். ஒருவர் தேங்காய்ப்பால் கூட என்றார், மற்றவர் உப்புக் குறைவு என்றார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வெங்காயம் உரித்தேன். எனக்கு அவ்வளவு வேலைதான் தந்தார்கள்.

அந்த மனிதருடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால் குத்துவிளக்கை ஏற்றி, அதற்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்தார்கள். அக்கா ஒரு சுருட்டையும் இலையோரத்தில் வைத்தார். கற்பூரம் காட்டி எல்லாரும் கும்பிட்டோம். நான் பின்னுக்கு அம்மாவோடு நின்றேன். நமக்கு உரிமையில்லாத இடம் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

அக்கா திரும்பிப் பார்த்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் விளக்குக்கு முன்னால் நிறுத்தினார்.

“அப்பா, நீங்கள் கேட்ட பிள்ளை வந்திருக்கு” என்றார். “நல்லாத்தான் இருக்கிறா. ரீச்சர். இனிச் சாப்பிடுங்கோ.”