இடது பின் சக்கரம்

என் வீட்டுக்காரருக்கு நட்டு இறுக்கும்போது ஒரு பழக்கம் உண்டு. ஸ்பேனரைக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "போதும்" என்பார். பக்கத்தில் ஆள் இருந்தாலும் சொல்வார், இல்லாவிட்டாலும் சொல்வார். தட்டில் சோறு போடுகிற என் கையைத் தடுப்பதும் அதே குரல்தான். பழவேற்காட்டில் படகு எஞ்சின் பழுது பார்த்த மனிதர், ஒரு நாளைக்கு எத்தனை போதும் சொல்வாரோ, எனக்குக் காதில் விழுந்தவையே ஏராளம். அந்தச் சத்தம் வீட்டில் நின்றுபோய் ஆறு மாதம் கழித்துத்தான் நான் நட்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரிஞ்ச் வாங்கக் கிளம்பினேன்.

ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் வரைக்கும் வீடு நிறைய ஆட்கள். அதற்கப்புறம் வாசலில் வந்து நின்றவர்கள் எல்லாரும் டச்சுக் கல்லறைக்கு வழி கேட்டு வந்தவர்கள். என்றைக்கோ செத்துப்போன வெள்ளைக்காரர்களைப் பார்க்க மெனக்கெட்டு வருகிறார்கள், போன மாதம் செத்தவரின் பெண்டாட்டியை எட்டிப்பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை. எனக்கு எரிச்சலாக வரும். இருந்தாலும் வழியைக் கொஞ்சம் நீட்டியே சொல்வேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்து பேசியது அவ்வளவாகத்தான் இருக்கும்.

அவர் விட்டுப்போனது ஒரு பழைய சின்னக் கார். பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இயற்பியல் ஆய்வக உதவியாளர் வேலை. அதில்தான் போய்வந்தேன். காரை ஓட்டுவது நான், பார்த்துக்கொள்வது அவர் என்று இருந்தது. கோவையில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள், காரை விற்றுவிடச் சொல்லி வாராவாரம் போனில் நச்சரித்தாள். நடுவழியில் நின்றால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் மட்டும்தான் பக்கத்து சீட்டில் அவர் இருப்பதுபோல எனக்குத் தோன்றும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? பொங்கல் லீவுக்கு நீ வருவதற்குள் வண்டியை நானே பராமரிக்கக் கற்றுக்கொள்கிறேன், முடியவில்லை என்றால் விற்றுவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த மறு வாரமே திருப்பாலைவனம் தாண்டி இடது முன் சக்கரத்தில் வேலிக்காத்தான் முள் ஏறிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் டயரை மாட்டிவிட்டு, ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தார். அப்படி இறுக்கிய நட்டை என்னால் எந்தக் காலத்திலும் கழற்ற முடியாது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டேன். "நல்லா டைட்டா இருக்கணும்க்கா" என்றார். இது ஒரு அளவா?

கார் வாங்கியபோது கொடுத்த புத்தகத்தில் அளவு இருந்தது. சக்கர நட்டுக்கு எண்பத்தைந்து நியூட்டன் மீட்டர். பள்ளிக்கூடத்தில் தினமும் பார்க்கிற அலகு, என் காரில் வந்து உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்தது. டார்க் ரிஞ்சில் அந்த எண்ணை வைத்து இறுக்கினால், அளவு வந்ததும் கைப்பிடிக்குள் 'டக்' என்று சத்தம் வரும். அதற்கு மேல் இழுக்கக் கூடாது. அதாவது, அதுவும் போதும் என்று சொல்லும்.

ஒரு சனிக்கிழமை பாரிமுனைக்குப் போனேன். டூல்ஸ் கடைக்காரர் முதலில் சாருக்கு என்ன வண்டி என்று விசாரித்தார். சார் இல்லை, எனக்குத்தான் என்றேன். அதற்கப்புறம் ஒழுங்காக எடுத்துப் போட்டார். டயலில் முள் அளவைக் காட்டுகிற மாதிரி ஒன்று. குனிந்து முள்ளையும் பார்த்துக்கொண்டு பலமாக இழுக்கவும் எனக்கு வயசில்லை. பேட்டரியில் ஓடுவது ஒன்று. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அது ஒரு மழைக்காலம் தாங்காது. டக் என்று சத்தம் போடுவதில் இரண்டு இருந்தன. சின்னதில் உச்ச அளவே நூறு. பெரியது இருநூற்றுப் பத்து வரை போகும். இந்த மாதிரிக் கருவி அளவின் இரண்டு ஓரத்திலும் தடுமாறும், நடுப்பக்கம்தான் நம்பலாம். எனக்கு வேண்டிய எண்பத்தைந்து, பெரியதில் நடுவை ஒட்டி விழுந்தது. கைப்பிடியும் நீளம், என் பலத்துக்கு அதுதான் சரி. சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, அதில் இருந்த எண்ணும் ரிஞ்சின் மேல் அடித்திருந்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தே வாங்கினேன். கடைக்காரர் நொந்துபோயிருப்பார்.

சான்றிதழையும் நான் நம்பவில்லை. மீன் ஏலம் விடும் இடத்தில் தராசு வைத்திருக்கும் அம்மாளிடம், ஒரு பையில் மணலை நிறுத்து வாங்கி வந்தேன். இன்னாத்துக்கு மணலை நிறுக்கிறே என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு பொய். ரிஞ்சை எண்பத்தைந்தில் வைத்து, அதன் தலையை என் வீட்டுக்காரரின் பட்டறையில் இருந்த வைஸில் கவ்வவிட்டு, அரை மீட்டர் தள்ளிப் பையைத் தொங்கவிட்டேன். பதினேழு கிலோவுக்குச் சத்தமில்லை. இன்னும் இரண்டு கை மணல் போட்டதும் டக். கணக்குப்படி அங்கேதான் வர வேண்டும். ரிஞ்ச் பொய் சொல்லவில்லை.

அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. பஞ்சர் கடைக்காரர் கை வைத்த சக்கரத்தை, ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி ஒருவழியாகக் கழற்றி, கிரீஸ் தடவி, எண்பத்தைந்தில் இறுக்கினேன். எங்கள் ஊரில் கிரீஸ் தடவாத நட்டு கிடையாது. தடவாமல் விட்டால் ஒரே வருடத்தில் உப்பு பிடித்து இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொள்ளும். அடுத்து வலது முன் சக்கரம். அது அவர் இறுக்கியது. சும்மா சோதித்துப் பார்க்கத்தான் ரிஞ்சை வைத்தேன். டக் வருவதற்கு முன்னால் நட்டு நகர்ந்தது. நான்கு நட்டும் நகர்ந்தன. வலது பின் சக்கரமும் அப்படியே. எல்லாவற்றையும் டக் வரும்வரை இறுக்கினேன்.

யோவ், இத்தனை வருஷம் பிள்ளையையும் என்னையும் லூஸ் நட்டோடவா போகவிட்டாய்? பட்டறையில் நின்று சத்தமாகவே கேட்டேன். அவருடைய போதும் எல்லாம் சும்மா வாய்ப் பழக்கம்தானா? தோள்பட்டை வலி எடுத்துவிட்டதால் இடது பின் சக்கரத்தைத் தொடாமல் விட்டேன். அந்தச் சூட்டோடு மகளுக்குப் போன் போட்டு, உங்க நைனாவுக்கு நட்டு இறுக்கவே தெரியவில்லை, நான்தான் சரிசெய்தேன் என்று கொட்டிவிட்டேன். பாராட்டுவாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள், "நைனா பத்தி அப்டி சொல்லாதம்மா" என்று வைத்துவிட்டாள். இரண்டு வாரம் அவளிடமிருந்து போன் இல்லை. செத்தவரோடும் சண்டை, இருக்கிறவளோடும் சண்டை. வீட்டில் எனக்கும் எனக்கும் கூடப் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று.

மூன்றாவது வாரம் வலது பின் சக்கரத்தில் முள். நானே கழற்றினேன், நானே பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தேன், கிரீஸ் தடவி மாட்டினேன். முதல் இரண்டு நட்டுக்கும் டக். மூன்றாவது நட்டு சத்தம் போடாமல், இளகினதுபோல மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தது. பிறகு 'பட்' என்றது. போல்ட் துண்டாகி நட்டோடு என் கையில் வந்துவிட்டது.

பொன்னேரியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். படகு எஞ்சின் வேலையில் என் வீட்டுக்காரரோடு பழகினவர். உடைந்த போல்டை விரலால் தடவிப் பார்த்தார். என் ரிஞ்சைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

"கிரீஸ் போட்டுட்டு புக்ல கீற நம்பரையா வெச்சீங்க?"

ஆமாம் என்றேன்.

"அது காஞ்ச நட்டுக்கு எழுதினதுக்கா. கிரீஸ் போட்டா நட்டு வழுக்கினு உள்ள போவும், போல்ட்டு இழுபடும். அறுபதுக்கு மேல போவக்கூடாது. அண்ணனுக்கு அது கைலயே தெரியும்."

இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்க்கிறவள் நான். உராய்வு என்று சாக்பீஸால் எழுதிப்போட்ட கரும்பலகையை எத்தனை முறை துடைத்திருப்பேன். நன்றாக இருக்கிறது போ என்று என்னையே திட்டிக்கொண்டேன். மெக்கானிக் புது போல்ட் மாட்டி, நான் இறுக்கிய மற்றச் சக்கரங்களையும் தளர்த்தி, இழுபட்டிருந்த இன்னும் இரண்டு போல்டை மாற்றி, எல்லாவற்றையும் அறுபதில் இறுக்கிவிட்டுப் போனார்.

மெக்கானிக் போன பிறகு இடது பின் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். நான் தொடாத ஒரே சக்கரம். ரிஞ்சை அறுபதில் வைத்து முதல் நட்டை இழுத்தேன். நட்டு அசையவில்லை. டக். இரண்டாவது, டக். மூன்றாவது, டக். நான்காவதும் இம்மி நகரவில்லை. எந்த அளவுக் கருவியும் இல்லாமல், வெறும் கைப்பழக்கத்தில், நான்கையும் அறுபதில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் அந்த மனுஷன். நான் அழுதேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. யாரிடம் கேட்பது?

மகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். போல்ட் உடைந்ததையும் மறைக்கவில்லை. தோற்றுப்போனேன், பொங்கலுக்கு வந்ததும் வண்டிக்கு ஆள் பார்க்கலாம் என்றேன்.

"அந்த ஒரு வீல மட்டும் கழட்டாதம்மா" என்றாள்.

கழற்றவில்லை. பொங்கலுக்கு வந்தவள் அந்தச் சக்கரத்தின் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், விற்கிற பேச்சை எடுக்காமல் ஊருக்குப் போய்விட்டாள். மற்ற மூன்று சக்கரங்களையும் மாதம் ஒருமுறை அறுபதில் சரிபார்க்கிறேன். டக் என்றதும் போதும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், கேட்க ஆள் இல்லை. வேலிக்காத்தான் மண்டிய இடத்தில் வண்டி வந்தால் முள் இடது பக்கம் படாமல் வலது பக்கமாக ஒதுங்கி ஓட்டுகிறேன். எதிரில் வருகிற பஸ்காரர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். என்றைக்காவது அந்தச் சக்கரமும் பஞ்சராகத்தான் போகிறது, அதைக் கழற்றப்போவதும் நான்தான்.