பதினோரு நாளுக்கு ஒரு பொன்னாடை

குடியை விட வேண்டுமானால் ஏதாவது ஒரு கூட்டத்தில் போய் உட்கார் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அங்கே பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. ஜொகூரில் அலைந்து பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு லாபிஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையில்லை, அழுகையில்லை. பையைக் காரில் வைத்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள். “நூறு நாள் குடிக்காம இருங்க, வந்துடறேன். எத்தனை நாளாச்சுன்னு நீங்கதான் சொல்லணும். நான் எண்ண மாட்டேன்.” தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் செய்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டில் தனியாக இருந்தால் நான் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். கூட்டம் தேடக் கிளம்பினேன்.

முதலில் ஜே.பி. டவுனில் ஆங்கிலத்தில் நடந்த ஒன்று. ஏர்கோன் அறை, இஸ்திரி போட்ட சட்டைகள். ஒருவர் விமானத்தில் கொடுத்த ஒயினால் தன் வாழ்க்கை எப்படிச் சரிந்தது என்று அரை மணி நேரம் சொன்னார். நான் சரிந்தது ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், சம்சு என்கிற மலிவுச் சாராயப் போத்தலோடு. அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் அந்தச் சட்டைகளிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்தது தமிழ்க் கிறிஸ்தவர்கள் நடத்தியது. எல்லாரும் நல்லவர்கள், அதுதான் சகிக்கவில்லை. ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பெண்டாட்டியே அழாத விஷயத்துக்கு இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு எரிச்சல். அவர்கள் கொடுத்த மீகூனை மட்டும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது கோயில் மண்டபத்தில். நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் போதும், அதை விழாவாக்காமல் விட மாட்டார்கள். ஊருக்குத் தெரியாமல் உட்கார வேண்டிய கூட்டத்துக்கு வாசலில் சாலையைப் பார்த்து ஒரு பேனர். குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்காக ஒரு மணி நேரக் காத்திருப்பு. அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் எந்த எஸ்டேட், யார் மகன் என்று ஆரம்பித்து என் சின்னம்மா வரைக்கும் போய்விட்டார்.

தலைவர் ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் என்று விசாரித்துக்கொண்டே வந்தார். பதினொன்று என்றேன். அவர் முகம் சுருங்கியது. கையில் இருந்த பொன்னாடைக்கு அது போதாது போலிருக்கிறது. மைக்கைப் பிடித்தவர், “ஒரு வருஷமா மதுவைத் தொடாத நம்ம தம்பி” என்று முழங்கி அதை என் தோளில் போர்த்தினார். கைதட்டல். நான் மறுத்திருக்கலாம். மறுக்காதது மட்டுமல்ல, மைக்கை வாங்கி அந்த ஒரு வருடத்தைப் பற்றிப் பேசவும் செய்தேன். நன்றாகவே பேசினேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்ட அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் இளக்காரமாக இருக்கிறது. அவர்களுக்காக அவ்வளவு அழகாகப் பொய் சொன்னவனை நினைத்தால் அதைவிட.

வீடியோ மறுநாளே வாட்ஸ்அப் வழியாக லாபிஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறு மணிக்கு போன் செய்தேன்.

“ஒரு வருஷமா?” என்றாள் மனைவி. “அப்ப போன மாசம் நான் பாத்ரூம்லேருந்து தூக்கிட்டு வந்தது யாரை?”

வைத்துவிட்டாள். அன்று குடித்தேன். அதற்கடுத்த இரண்டு நாளும் குடித்தேன். எல்லாவற்றுக்கும் அந்தத் தலைவர்தான் காரணம் என்று அவர் பரம்பரையையே திட்டித் தீர்த்தேன். போன் மட்டும் செய்யவில்லை.

அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர்தான் என் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தார். “அண்ணே, பண்டார் தெங்காராவுல ஒண்ணு இருக்கு. விளக்கு கிளக்கு ஒண்ணும் இல்ல.” அதற்குள் ஒரு நாள் குடிக்காமல் கடத்தியிருந்தேன். வழி நெடுக செம்பனைத் தோட்டங்கள். கடைவீட்டு மாடியில் டியூஷன் சொல்லிக்கொடுக்கும் அறை. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் நாலு பெரியவர்கள் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோப்பி வெறும் சுடுதண்ணீர். இங்கேயும் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செம்பனை லோரி ஓட்டுபவர் ஒருவர் பேசினார். “எனக்கு ஒம்பது நாளு. முன்னாடி எரநூறு இருந்துச்சு, போயிருச்சு.” அவ்வளவுதான். ஒருவரும் தட்டிக்கொடுக்கவில்லை, எந்த எஸ்டேட் என்றும் கேட்கவில்லை. அவரைப் பற்றி எகத்தாளமாக ஏதாவது நினைக்கப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அங்கே நான் வாயே திறக்கவில்லை. கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது ஆறு மணி ஆகியிருந்தது. காருக்குள் உட்கார்ந்து போன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள்.

“எத்தனை நாளு?”

“ஒண்ணு.”

போனில் அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“நம்புறேன்,” என்றாள். பதினொன்று வரைக்கும் எண்ணிச் சொன்னபோது, ஒரு நாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை.