தங்கச்சியின் விரிப்பு

எங்கள் சபையில் அவளுக்குத் தங்கச்சி என்றுதான் பேர். ஐம்பது தாண்டிவிட்டாள், முன்தலை முழுக்க நரை. ஆனாலும் போதகர் முதல் ஞாயிறு பள்ளிப் பொடிசுகள் வரை எல்லாருக்கும் அவள் தங்கச்சிதான். பொடிசுகள் மட்டும் மரியாதைக்கு ‘தங்கச்சி ஆன்ட்டி’ என்பார்கள்.

அக்காவும் தங்கச்சியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி திருத்தித் தரும் தையல் கடை நடத்தினார்கள். அக்கா முன்னால் நின்று வாயடிப்பாள், அளவெடுப்பாள், சண்டையும் போடுவாள். தங்கச்சி உள்ளே மெஷினில் குனிந்திருப்பாள். எதைக் கேட்டாலும் “ம்” தான். வாய் நிறைய குண்டூசியை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

போன குளிர்காலத்தில் அக்காவுக்குக் கல்யாணம். ஆமாம், ஐம்பத்தெட்டு வயதில். மாப்பிள்ளை எங்கள் சபையில் பியானோ வாசிப்பவர், மனைவியை இழந்தவர். மகன், மருமகள், பேரன் எல்லாம் உண்டு. பேன்ட் இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்த மனிதர், அளவெடுத்தவளையே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று சபையே சிரித்தது. சந்தோஷச் சிரிப்புதான். ஆனால் மெஷினுக்கு முன்னால் ஒருத்தி மிச்சம் இருக்கிறாளே என்று ஒரு வாயாவது நின்று யோசித்திருக்கலாம்.

குளிர் விட்டு மரங்கள் துளிர்த்ததும் சபைக் குடும்பங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே உள்ள புல்வெளிக்குப் போவது எங்கள் வழக்கம். குடும்பத்துக்கு ஒரு விரிப்பு. முதலில் மரங்களுக்குள் நடக்க வேண்டும். எதையும் பறிக்கக்கூடாது, கீழே கிடப்பதில் ஒன்றை மட்டும் எடுத்து வரலாம். பிறகு போதகர் விரிப்பு விரிப்பாக வருவார். அந்தந்தக் குடும்பம் எழுந்து, கொண்டுவந்ததைக் காட்டி, “கர்த்தாவே, இதை நீர் உண்டாக்கினீர், உமக்கு நன்றி” என்று சேர்ந்து சொல்ல, மற்றவர்கள் ஆமென் போடுவோம். அக்கா தங்கச்சி முறை வரும்போது பேச்செல்லாம் அக்காதான். தங்கச்சியின் உதடு மட்டும் அசையும். அவர்கள் விரிப்புதான் புல்வெளியிலேயே பெரியது, நீலக் கரை போட்டது. பாதிப் பிள்ளைகள் அதில்தான் உருளும்.

இந்த வருஷம் அக்கா தங்கச்சியிடம் ஃபோனில் சொல்லியிருந்தாள்: “எங்க முறை முடிஞ்சதும் நான் உன் விரிப்புக்கு வந்து உன் பக்கத்துல நின்னுடுறேன்.” வாயே திறக்காதவள் இதை என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். சொல்லும்போது வாயில் குண்டூசி இல்லை.

புல்வெளியில் அவள் அக்காவின் புதுக் குடும்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விரிப்பைப் போட்டு உட்கார்ந்தாள். அதே நீலக் கரை. போகிறவர் வருகிறவர் எல்லாம், “ஏன் தனியா உட்கார்ந்திருக்கீங்க, எங்ககூட வாங்களேன்” என்றார்கள். கேட்டுவிட்டு யாரும் நிற்கவில்லை. அவளும் “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காட்டுக்குள்ளும் தனியாகத்தான் நடந்தாள். எதையோ கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

போதகர் வந்தார். அக்கா குடும்பம் எழுந்தது. பேரன் ஒரு பறவை இறகை ஆட்டினான், எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். தங்கச்சி எழுந்திருக்கத் தயாராக ஒரு முழங்காலை ஊன்றினாள். போதகரோ, “ஆக, அக்கா தங்கச்சி ரெண்டு பேருதும் ஆச்சு” என்று முகமெல்லாம் சிரித்துவிட்டு எங்கள் விரிப்புக்கு வந்துவிட்டார். அந்த நல்ல மனிதரின் கணக்கில் அவர்கள் இன்னும் ஒரே குடும்பம். அவள் முழங்காலை மடக்கிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் எங்கள் வீட்டு நன்றியை நான் சரியாகச் சொல்லவே இல்லை.

கடைசி விரிப்பும் முடிந்து, முடிவு ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடினோம்.

“ஐயா, எங்க விரிப்பு பாக்கி இருக்கு.”

கண்ணைத் திறந்தால் தங்கச்சி நிற்கிறாள். போதகர் பதறி, “ஐயோ, மன்னிச்சுக்கம்மா, சொல்லு சொல்லு” என்றார். அவள் அக்காவைத்தான் பார்த்தாள். அக்காவின் மடியில் பேரன் ஆட்டம் போட்ட களைப்பில் தூங்கிப்போயிருந்தான். அக்கா அவன் தலையைத் தூக்கப் பார்த்தாள், பிள்ளை சிணுங்கினான். மருமகளைத் தேடினாள், அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

“இரு அக்கா. புள்ள எழுந்துடும்” என்றாள் தங்கச்சி.

கைக்குட்டையைப் பிரித்து ஓர் இலையைக் காட்டினாள். ஏதோ பூச்சி அதன் ஓரத்தை வட்ட வட்டமாக வெட்டியிருந்தது. “நானும் முப்பது வருஷமா கத்தரிக்கோல் பிடிக்கிறேன். இவ்வளவு சுத்தமா ஒரு வளைவு எனக்கு வந்ததில்ல” என்றாள். பின்னால் சிலர் சிரித்தார்கள். பிறகு அந்த நன்றியைத் தனியாகவே சொன்னாள். குரல் நடுவில் ஓரிடத்தில் நின்றது, அக்கா எப்போதும் மூச்சு வாங்கும் இடத்தில். நாங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக ஆமென் போட்டோம். இரக்கத்தில் போடும் ஆமென் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

கிளம்பும்போது அக்கா ஓடிவந்தாள். “கோச்சுக்காதடி. அந்த நேரம் பார்த்துத் தூங்கிட்டான்.”

“இதுல கோச்சுக்க என்ன இருக்கு?”

அக்கா விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து மடிக்கப் போனாள். மடிக்க அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. “என்னடி இது, நம்ம விரிப்புதானே? சின்னதாயிடுச்சு?”

“துவைச்சதுல சுருங்கிடுச்சு.”

தையல்கடைக்காரி தையல்கடைக்காரியிடம் சொல்கிற பொய்யா இது? அக்கா அதன் ஓரத்துப் புதுத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். அந்தப் பக்கம் கார் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

தங்கச்சி என் காரில் வந்தாள். கடை வாசலில் இறங்கியதும், கையில் இலையும் விரிப்பும் இருந்ததால், “பையில சாவி இருக்கும், கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்றாள். சாவி அடியில் கிடந்தது. அதற்கு மேலே அந்த விரிப்பின் மறு பாதி, நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, இஸ்திரி போட்ட மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு புல்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

நான் பார்த்துவிட்டதை அவள் பார்த்தாள்.

“அது அக்காவோடது” என்றாள், கதவைத் திறந்துகொண்டே.