யாருக்கும் கேட்கவில்லையாம்

அந்த மர்ம நாவலை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அதனால் அதைப் படித்தவர்களைத் திட்டுகிற உரிமையும் முதலில் எனக்குத்தான் இருக்கிறது.

நோர்வூட் பஜாரில் நான் வேலை செய்யும் கடையில் பாடசாலைக் கொப்பிகளும் பேனைகளும்தான் ஓடும். கதைப் புத்தகங்களுக்கு என்று ஒரு தட்டு உண்டு, அதில் தூசிதான் அதிகம். அந்தத் தட்டிலிருந்து ஒரு புத்தகம் விற்று முடிந்து, மறுபடி வரவழைத்து, மறுபடியும் முடிந்தது என்றால் அது இது ஒன்றுதான். ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டவர்கள்கூட உண்டு. அட்டை கிழிந்து விற்க முடியாமல் கிடந்த ஒரு பிரதியை முதலாளி எனக்குச் சும்மா கொடுத்தார்.

கதை இதுதான். கொழும்பில் ஒரு மாடிக் குடியிருப்பில் ஒருத்தி காணாமல் போகிறாள். புருஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். பொலிஸ் அதிகாரி ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். எல்லோரும் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில்தான் தெரிகிறது, அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. அவள் கத்தியதும் கேட்டிருக்கிறது, கத்தல் நின்றதும் கேட்டிருக்கிறது. முடிவைப் போட்டு உடைத்துவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். எனக்கு இருக்கிற கோபத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

தொழிலாளர் வீடுகள் ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கிற லயங்கள் எங்கள் பக்கத்தில் இரண்டு. கீழ் லயத்தில் நானும் அப்பாவும் இருக்கிறோம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது மேல் லயத்தில். நான் படித்து முடித்ததும் புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தேன். அவள் பக்கத்துக் காம்பராவுக்கு, அதாவது அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். அங்கிருந்து அது லயம் முழுக்கச் சுற்றியது. படிக்க நேரமில்லாதவர்களுக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது கதை வாயால் போய்ச் சேர்ந்தது. கணக்குப்பிள்ளை சத்தம் போடுகிற வரைக்கும் அங்கே கொலைதான் பேச்சு.

ஆளுக்கொரு அபிப்பிராயம். கொழும்பில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்த் திரும்பி வந்த ஒருத்தி, "பாதியிலயே கண்டுபுடிச்சிட்டேன். புருஷன்காரன் தான்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், இதுல என்னா மர்மம்?" என்று உதட்டைச் சுழித்தாள். இன்னொருத்திக்கு அந்தப் பொலிஸ்காரனின் காதல் பிடிக்கவில்லை, அந்தப் பக்கங்களை எல்லாம் தள்ளிவிட்டாளாம். தோட்டத் தலைவர் தன் மனைவி படித்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, இது பொம்பளைகள் கையில் கொடுக்கிற புத்தகமா என்று என்னையே கேட்டார். எல்லோரையும்விடச் சூடாகப் பேசியது அக்காவின் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற சித்திதான். சொந்தமில்லை, நாங்கள் அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

"ராத்திரி தூக்கமே வரல பாப்பா. கொன்னவன விடு, அவன் மிருகம். பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தாளுங்க பாரு, அவளுங்கள செருப்பால அடிக்கணும்."

அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். அவள் எப்போதும் படித்துவிட்டு என்னோடு சண்டை பிடிக்கிறவள். அந்தப் பதில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் கடைக்கு நேரமாகிவிட்டதால் நான் கிளம்பிவிட்டேன்.

புத்தகம் இன்னும் மேல் லயத்தில் சுற்றிக்கொண்டிருந்த போதே ஒரு காலையில் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். வலது மணிக்கட்டு வீங்கி, விரல்கள் மடங்கவில்லை. காதோரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. முந்தின நாள் பின்னேரம் அத்தான் அடித்தது என்றும், அது முதல் தடவை இல்லை என்றும் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள். இனி அந்தக் காம்பராவுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

அத்தானோ, அக்கா பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பாசியில் வழுக்கி விழுந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அத்தான் என்று எழுதவே எனக்கு எரிகிறது. அந்த ஆள் என்றே எழுதுகிறேன்.

லயத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேல் லயத்தின் நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு தகரத்துக்குக் கீழேதான் எல்லாக் காம்பராக்களும். உப்பு தீர்ந்துவிட்டால் எழுந்து போக வேண்டியதில்லை, அடுப்படியில் உட்கார்ந்தபடியே கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு வந்துவிடுவாள். ஒருத்தர் இருமினால் நான்கு காம்பரா தள்ளி இருக்கிறவர் கசாயம் போடச் சொல்வார். அங்கே போய்க் கேட்கவில்லை என்று சொல்கிற வாய்க்கு என்ன சொல்வது?

அதற்கும் எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு காம்பராவில் புருஷன் கை ஓங்கினால் அடுத்த காம்பராக்களில் டீவிச் சத்தம் கூடும். முன்பெல்லாம் ரேடியோ. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அழுகை கேட்டதும் கை தானாக ரிமோட்டுக்குப் போகும். அதைப் பண்பு என்று நினைக்கிறார்கள். அடி வாங்குகிறவள் நாளைக்கு நம் முகத்தில் முழிக்க வேண்டுமே, அவள் மானம் போகக்கூடாதே என்று. விடிந்ததும் அவள் வாசலுக்கு ஒரு கிண்ணம் சம்பலோ சூடாகத் தேத்தண்ணியோ வரும். கொண்டுவருகிறவள் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். எத்தனை மரியாதை பாருங்கள். அடிக்கிறவனின் கையை மட்டும் யாரும் பிடிப்பதில்லை.

தலைவர் ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூடிப் பேசலாம் என்றார். அந்த ஆள் சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராம். "உன் அக்கா சொல்றது உண்மைன்னா லயத்துல யாராச்சும் ஒருத்தர் கேட்டேன்னு சொல்லட்டும். நான் அவன் பக்கம் பேச மாட்டேன். அப்புடி யாரும் இல்லாட்டி, புள்ள அவ வீட்டுக்குப் போறதுதான் முறை" என்று என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

அப்பா ஆயுள் முழுக்கக் கூட்டத்தின் பேச்சுக்குத் தலையாட்டியே பழகினவர். "நாலு பேரு கூடி என்னா சொல்றாங்களோ அதுதாம்மா. நாம மீறிப் போயி இங்க இருக்க முடியாது" என்றார். வீடு அப்பாவின் பெயரில். அவர் போ என்றால் அக்கா போக வேண்டும். ஒரே ஒரு வாய் திறந்தால் போதும், அவள் தப்பித்துவிடுவாள். ஒரு லயம் நிறைய வாய்கள் இருக்கின்றனவே என்று நான் நம்பினேன்.

சனிக்கிழமை பின்னேரம் மேல் லயத்துக்கு ஏறிப் போனேன். சித்தி வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் என் புத்தகம். அதை இரண்டாவது தடவை படிக்கிறாராம்.

"சித்தி, நாளைக்கு நீங்க வந்து கேட்டத மட்டும் சொல்லுங்க. வேற ஒன்னும் பேச வேணாம்."

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நமக்கு எதுக்கு பாப்பா இதெல்லாம். நாளைக்கும் அவனும் நாங்களும் ஒரே சுவருதானே."

"பக்கத்து வீட்டுக்காரிங்கள செருப்பால அடிக்கணும்னு சொன்னீங்களே."

"அது கதடி."

கார்மென்ட்ஸ்காரியிடம் போனேன். புருஷன்தான் என்று பாதியிலேயே கண்டுபிடித்தவளாயிற்றே. "எங்க வீட்டுக்காரரும் அவரும் ஒன்னாதான் கவ்வாத்து வெட்டப் போறாங்க. நான் சொல்லிட்டா இவருக்குத்தான் சங்கடம்" என்றாள். அடுத்தவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள், பிள்ளை வாசலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு காம்பரா விடாமல் ஏறி இறங்கினேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், எல்லோரும் தேத்தண்ணி கொடுத்தார்கள், அக்காவின் கை எப்படி இருக்கிறது என்று ஒருத்தர் விடாமல் கேட்டார்கள். பீலியில் விழுந்த கைக்கு ஏனம்மா அத்தனை பேரும் குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறீர்கள்?

திரும்பிக் கீழ் லயத்துக்கு இறங்கி வந்தேன். கொழும்பு மாடி வீட்டில், கதையில் மட்டுமே இருக்கிற ஒருத்திக்காக இவர்கள் எல்லோரும் அழுதார்கள். சித்தி மூக்கைச் சிந்தியதை நானே பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு ஒரு சொட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் இரண்டு லயமும் கூடியது. மேல் லயத்துப் பெண்கள் ஒரு பக்கமாகக் கம்பளியும் ஸ்வெட்டருமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆள் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையில் வந்தார். சூடம் கொளுத்தி அதில் அடித்து, என் கையால் அவளைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தார். சாமிக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது.

தலைவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "யாருக்காச்சும் ஏதாச்சும் கேட்டுச்சா? பயப்படாம சொல்லுங்க."

தலைவர் சித்தியைப் பார்த்தே கேட்டார். "நீங்கதான் பக்கத்துக் காம்பரா. உங்களுக்குக் கேக்கலியா?"

சித்தி எழுந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். "எங்களுக்கு ஒன்னும் கேக்கலைங்க. டீவி சத்தமா போட்டிருந்தோம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. வெளியூரில் இது ஒரு சாதாரண பதில். எங்கள் லயத்தில் டீவியைச் சத்தமாகப் போடுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்று அங்கே இருந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சித்தியைக் காப்பாற்றுவதாக நினைத்து கார்மென்ட்ஸ்காரி எழுந்தாள்.

"ஆமாங்க, அன்னைக்கு நாங்களும் சத்தமாத்தான் வச்சிருந்தோம்."

"எங்க வீட்டுலயும்தான்" என்றாள் காய்ச்சல்காரப் பிள்ளையின் அம்மா.

ஒரே பின்னேரம், வரிசையாக அத்தனை காம்பராவிலும் டீவி அலறியிருக்கிறது. யாராலும் நிறுத்த முடியவில்லை, தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். நான் எழுந்து, எதற்காகச் சத்தம் வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அந்த ஆளின் முகம் கறுத்துவிட்டது. தலைவர் கீழே பார்த்தபடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததைச் சொல்ல அவர் வாயும் திறக்கவில்லை. "கேட்டேன்னு யாரும் சொல்லலியேம்மா" என்று என்னைப் பார்த்து இழுத்தார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். கட்டுப்போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு தலைவருக்கு முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்குக் கேட்டுச்சுங்க. நான்தானே கத்துனேன். ஒருத்தருக்குக் கேட்டாப் போதும்னு சொன்னீங்களே, நான் இருக்கேன். நான் அந்த வீட்டுக்குப் போகல."

தலைவர் அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்திருக்க அவருக்கு நேரம் எடுத்தது. கூட்டத்தைப் பார்க்காமல், "வாம்மா, வீட்டுக்குப் போவோம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கீழ் லயத்துப் பாதையில் இறங்கினார். அவர் கூட்டத்தின் முடிவு வருவதற்கு முன் எழுந்து போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சில நாள் கழித்து சித்தி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கூடவே ஒரு கிண்ணம் சம்பல். "முடிவு சரியில்ல பாப்பா. அந்தப் பக்கத்து வீட்டு ஆளுங்கள ரொம்ப கேவலமா எழுதிட்டான். அவங்களுக்கும் என்னென்ன கஷ்டமோ" என்றார். முதலில் செருப்பால் அடிக்கச் சொன்னவர் இவர்தான். சம்பலைத் திருப்பிக் கொடுத்தேன். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன்.

அக்கா இப்போதும் எங்களோடுதான் இருக்கிறாள். போன வாரம் பொழுது சாய்கிற நேரம், மழை விட்டிருந்தது. கீழ் லயத்தின் கோடிக் காம்பரா ஒன்றில் ஏதோ விழுந்து உருண்டது. ஒரு பெண் குரல் பாதியில் அறுந்தது. உடனே பக்கத்துக் காம்பராவில் டீவிச் சத்தம் கூடியது. அதற்கடுத்த காம்பராவிலும் கூடியது. சத்தம் ஒவ்வொரு வீடாக எங்களை நோக்கி வந்தது. அப்பாவின் கை ரிமோட்டைத் தேடுவதைப் பார்த்தேன்.

அக்கா எழுந்து போய் எங்கள் டீவியை அணைத்தாள். செருப்பு மாட்டிக்கொண்டு மழைச் சேற்றில் இறங்கி நடந்து, அந்தக் காம்பராக் கதவை உள்ளங்கையால் ஓங்கி ஓங்கித் தட்டினாள். அந்த மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை, ஆனாலும் அந்தக் கையாலேயே தட்டினாள்.

"எனக்குக் கேக்குது. கதவத் தொறங்க."