முட்டைக்காரியின் பத்தியம்

கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாரு பெரிய சந்தையில் ஆண்கள் மூட்டை தூக்குவார்கள், வண்டி தள்ளுவார்கள். வியாபாரம் பெண்கள் எங்களுடையது. தொடைக்கு மேல் உயரத்தில் பலகை மேடை. அதில் சரக்கைப் பரப்பி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, காலை மடித்து உட்கார்ந்திருப்போம். வாங்க வருகிறவர் கீழே நின்று, முகத்தைச் சற்று நிமிர்த்தித்தான் விலை கேட்க வேண்டும். மந்திரி வீட்டு அம்மா வந்தாலும் அப்படித்தான்.

என் மேடையில் கருவாடும் மீன் அப்பளமும். அடுத்த மேடை மெக் தோமுடையது. கோழி முட்டை, வாத்து முட்டை, காடை முட்டை, உப்பு முட்டை என்று நாலு பக்கமும் அடுக்கி, நடுவில் அவள் இருப்பாள். எங்கள் பக்கத்தில் பெண்களை மெக் என்போம். எனக்கு அவள் காக் தோம், அதாவது தோம் அக்கா; அவளுக்கு நான் யா. நல்ல கனத்த உடம்பு. காலையில் வந்ததும் மேடைக்குக் கீழே இருக்கிற குறுக்குக் கட்டையில் ஒரு காலை வைப்பாள், இரண்டு உள்ளங்கையையும் பலகையில் ஊன்றுவாள், பிஸ்மில்லா என்று ஒரே எம்பு. அத்தனை முட்டைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒன்றுகூட விரிசல் விட்டு நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் தாடை வலித்தது. பல் வலி என்று பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது பல்லு இல்லம்மா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். இதயத்தில் மூன்று அடைப்பு. நெஞ்செலும்பை நடுவில் பிரித்து, இடது காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்து ஒட்டுப்போட்டு, எலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சந்தைக்குப் போகலாம் என்றார்கள்.

போக முடியவில்லை. அவளுக்குச் சர்க்கரையும் உண்டு. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் தையலின் கீழ்முனை சிவந்து, பிளந்து, நீர் வடிந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி நெஞ்சைத் திறந்து, கழுவி, கம்பி மாற்றிக் கட்டினார்கள். புண்ணிலிருந்து நீரை உறிஞ்ச ஒரு சின்ன இயந்திரத்தைக் குழாயோடு மாட்டிவிட்டார்கள். அது இரவும் பகலும் கொர் கொர் என்று சத்தம் போடும்.

பார்க்கப் போனபோது என்னிடம் சொன்னாள்: "புதுப் புருஷனைக் கட்டி வச்சிருக்காங்க, யா. ராத்திரி பூரா கொறட்டை. பழையவனுக்கு இவன் எவ்வளவோ தேவலாம்."

பழையவர் பாக் ஆவாங் பக்கத்திலேயே தலையணையோடு நின்றிருந்தார். இருமல் வந்தால் அந்தத் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு அசையும். அவள் கண் ஜாடை காட்டுவதற்குள் தலையணையை நீட்டிவிடுவார். கிண்டலுக்குச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட, அப்போதும் அவர்தான் நீட்டினார்.

டாக்டர் வந்து கண்டிப்பாகச் சொன்னார். "எலும்பு ரெண்டு தடவை பிரிஞ்சு சேர்ந்திருக்கு. கையை ஊனி ஒடம்பைத் தூக்கவே கூடாது. இப்ப மட்டுமில்ல, ரொம்ப காலத்துக்கு."

"அப்ப மேடை எப்படி ஏறுறது?" என்றாள்.

"மேடை எதுக்கு? கீழ நாற்காலி போட்டு உட்கார்ந்து விக்கலாமே."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பியதும், கோலாலம்பூரிலிருந்து மகள் சல்வானி ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து இறங்கினாள். நல்ல பெண்தான், ஆனால் அம்மாவைக் கேட்காமலே எல்லாம் வாங்கிவிடுவாள். காக் தோம் அந்த நாற்காலியின்மேல் ஈரத் துணியைக் காயப்போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"யா, கேட்டுக்கோ. கீழ உட்கார்ந்து வித்தா நான் மெக் தோம் இல்ல. எவனும் என்னைத் தூக்கி வைக்கவும் வேணாம், நான் என்ன அரிசி மூட்டையா? கை ஊனாம நானா ஏறுற அன்னிக்கு வரேன். முடியலைன்னா அந்த எடத்தை நீயே எடுத்துக்கோ."

"எனக்கு எதுக்கு ஒன் எடம்? என் கருவாட்டு நாத்தம் ஒன் முட்டையில ஏறிடும்," என்றேன். வேறு என்ன சொல்வது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவள் எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்த நேரம் அது.

இனி காக் லோங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக் தோமின் மூத்த அக்கா. தங்கைகளுக்கெல்லாம் பிரசவம் பார்த்தவள், அறுவை, அம்மை எது வந்தாலும் பத்தியம் வைக்கிறவள். பத்தியத்தை நாங்கள் பந்தாங் என்போம்; பந்தாங் என்று அவள் வாயால் சொன்னால் வீடே வாயை மூடிக்கொள்ளும். தங்கச்சி வீடு திரும்பிய அன்றே பையோடு வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணக்கில் முட்டை புண்ணைப் பழுக்க வைக்கும், கோழி அரிப்பைக் கொண்டுவரும், இறால் விஷம், பச்சைக் கடல் மீன் ஆகாது. ஆகக்கூடியது சோறு, மிளகு, சுட்ட கருவாடு. அந்தக் கருவாடு என் கடையில் பொறுக்கி எடுத்த நல்ல சரக்கு.

ஊருக்கே முட்டை விற்றவளுக்கு ஒரு முட்டை கிடையாது. அவள் மேடையை நான் பார்த்துக்கொண்டேன்; சரக்கு வழக்கம்போல அவள் வீட்டுக்கே வந்ததால் மூலையில் தட்டுத் தட்டாக முட்டை இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே மிளகுச் சோற்றை விழுங்குவாள்.

புண் மூடவில்லை. இளைத்துக்கொண்டே போனாள். இடது கால் மாலையானால் வீங்கிக்கொண்டது. தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வந்தால் அழுதாள். தலைத்துணி கட்டக் கையைத் தூக்க முடியாமல், பாக் ஆவாங் கட்டிவிட்ட கோலத்தைக் கண்ணாடியில் பார்த்து, "என்னைக் கடத்திக்கிட்டுப் போறாங்கன்னு போலீசுக்குச் சொல்லுங்க" என்றாள். சிரித்தோம். அடுத்த நிமிஷமே அவள் அழுதாள்.

புண்ணுக்குத் துணி மாற்ற எங்கள் கிராமத்து கிளினிக்கிலிருந்து மிஸி டோரின் வருவாள். தாதிகளை நாங்கள் மிஸி என்போம். கடல் தாண்டி வந்த சரவாக்குக்காரி, சிரித்த முகம், எங்கள் கிளந்தான் பேச்சு பாதிதான் அவளுக்குப் புரியும். ஒவ்வொரு தடவையும் புண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொள்வாள்.

"பத்தியமெல்லாம் சரியா இருக்கீங்களா?" என்று கேட்பாள்.

"இம்மி பிசகல மிஸி," என்பாள் காக் லோங், நெஞ்சை நிமிர்த்தி.

"நல்லது. அப்படியே இருங்க."

இப்படியே வாரக்கணக்கில் போனது. மிஸி கேட்டது உப்பைக் குறை, சர்க்கரையைக் குறை, எண்ணெயைக் குறை என்று ஆஸ்பத்திரி சொன்ன பத்தியம். காக் லோங் சொன்னது தன் பத்தியம். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி, ஒருத்தியை ஒருத்தி மெச்சிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருத்தி காய்ந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது மிஸி சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டாள். தட்டைப் பார்த்தாள்.

"இது என்ன? உப்புக் கருவாடா?"

"பத்தியம்," என்றாள் காக் லோங்.

"முட்டை?"

"அஸ்தக்ஃபிருல்லா... முட்டையா? புண்ணு இருக்கிற ஒடம்புக்கா?" என்று காக் லோங் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

மிஸி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது, சிரிப்பு வந்துவிட்டது. வேறு ஒருத்தியாக இருந்தால் காக் லோங்கைப் பிடித்துக் கத்தியிருப்பாள், அவளும் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள், குடும்பம் இரண்டாகியிருக்கும். மிஸி டோரின் கத்தவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்:

"காக் லோங், ஒங்க பத்தியத்துல விரால் சேருமா?"

"விரால் சேருமே. பிள்ளை பெத்தவளுக்கே கொடுப்போம். சதை கூட்டும்."

"அதேதான் நானும் சொல்றேன். புண்ணு மூட சதை வேணும். தினம் கொடுங்க, உப்பில்லாம. கருவாடு வேணாம், அது ஒங்க கைராசிக்குக் கொறச்சல்."

கைராசி என்றதும் காக் லோங் குளிர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து பாக் ஆவாங்குக்கு வேலை வந்தது. அதுவரை தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், விடியலில் தூண்டிலோடு வயல் வாய்க்காலுக்குப் போய், பகலில் கையளவு விராலோடு திரும்பினார். இஞ்சியும் மிளகும் போட்டு ரசமாக வைத்தாள் காக் லோங். பருப்பும் டோஃபுவும் ஒவ்வொன்றாகப் பத்தியத்துக்குள் அனுமதி வாங்கின. முட்டைக்கு மட்டும் அனுமதி இல்லை. மிஸி தினம் இரண்டு வெள்ளைக்கரு என்று கேட்டுக்கேட்டு அலுத்துப்போனாள். "என் உசிரு இருக்கிற வரைக்கும் இந்த அடுப்புல முட்டை வேகாது," என்றுவிட்டாள் காக் லோங்.

புண் மெல்ல மெல்ல உள்ளேயிருந்து மேடிட்டது. ஒருநாள் மிஸி குழாயைக் கழற்றி, இயந்திரத்தைப் பையில் போட்டாள். "தலாக் சொல்லிட்டுப் போறான் பாரு," என்றாள் காக் தோம். அழவில்லை. எனக்குப் பழைய குரல் கேட்டது.

அப்புறம் கால். வீட்டுப் பின்புறம் பாத்திரம் கழுவும் பலகைத் தளம் ஒன்று உண்டு, ஏறத்தாழ எங்கள் மேடை உயரம். அதன் கீழே பாக் ஆவாங் ஒரு குறுக்குக் கட்டையை அடித்தார். கைகளைத் தன்னையே கட்டிக்கொள்வதுபோல் நெஞ்சில் குறுக்கே போட்டுக்கொண்டு, நல்ல காலைக் கட்டையில் வைத்து, எழும்பி, பக்கவாட்டில் திரும்பி, விளிம்பில் இடுப்பை வைக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். முதலில் கட்டையில் ஏறி நிற்கவே மூச்சு வாங்கியது. மழைக்காலம் முழுக்க அதையே செய்தாள். மூச்சு திரும்பும்வரை எங்களைத் திட்டிக்கொண்டிருப்பாள், திரும்பியதும் மறுபடி காலை வைப்பாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதைக் குறையென்று சொன்னவர்கள் அந்த மழைக்காலத்தில் அவள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் ஏறிவிட்டாள். டாக்டரும் சரியென்று தலையாட்டினார். சந்தைக்கு வந்தாள். அன்று சந்தையே திரும்பிப் பார்த்தது, அதுதான் கெடுத்தது. வீட்டுத் தளம் வெறும் தளம். இங்கே விளிம்பு வரைக்கும் முட்டைத் தட்டு, அந்தப் பக்கம் என் கருவாடு, இந்தப் பக்கம் மிளகாய்க்காரியின் கூடை. கட்டையில் ஏறி நின்றவளுக்குத் திரும்ப இடமில்லை. இடது கால் நடுங்கியது. பாக் ஆவாங் பதறிப்போய் அவள் அக்குளில் கையைக் கொடுத்தார்.

"கையை எடு," என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

இறங்கினாள். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்துபோய்விட்டாள். வீட்டில் அந்த நீல நாற்காலியின் துணியை எடுத்துவிட்டு அதில் உட்கார்ந்திருந்தாள் என்று பாக் ஆவாங் வந்து சொன்னார்.

மறுநாள் காலை நான் என் கருவாட்டுப் பெட்டிகளை ஒரு சாண் தள்ளிவைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து மிளகாய்க்காரி தன் கூடையைத் தள்ளினாள். அவளுக்கு அடுத்த புடூக்காரி தன் மீன் சாறு பாட்டில்களை நெருக்கி அடுக்கினாள். பலகாரக்காரி, துணிக்காரி, மூலையில் இருக்கும் வெற்றிலைக்காரி வரைக்கும் வரிசை முழுக்க ஒரு சாண் நகர்ந்தது. ஒரு அங்குல இடத்துக்காக ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு பேர்கூட நகர்ந்தார்கள். என் சந்தையை நினைத்தால் எனக்குப் பெருமை பொங்குவது இதனால்தான்.

ஆள் அனுப்பினேன்: உன் முட்டைக்கு நான் இனிக் காவல் இருக்க முடியாது, வந்து எடுத்துக்கொண்டு போ.

சண்டைக்கு வந்தாள். தலைத்துணியைத் தானே கட்டியிருந்தாள். வந்ததும் மேடையைப் பார்த்தாள். அந்த இடத்தின் அங்குலம் அங்குலம் அவளுக்குத் தெரியும்.

"என் எடம் பெருசா இருக்கு?"

"நீ எளைச்சுட்டே," என்றேன்.

என்னைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. மிளகாய்க்காரி இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். காக் தோம் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டாள். பிஸ்மில்லா என்றாள். கட்டையில் கால், எழும்பல், திரும்பல். விளிம்பில் இடுப்பு பட்டது. வலது கால் உள்ளே வந்தது. இடது காலை மெதுவாக, அவசரமே இல்லாமல், இழுத்து மடித்துக்கொண்டாள். ஒரு முட்டை உடையவில்லை.

"இந்தக் காடை முட்டையை யாரு இப்படி அடுக்குனது? குருடியா நீ?" என்று என்னைத் திட்டினாள். நான் தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கூட்டத்துக்கு நடுவே காக் லோங் வந்து நின்றாள். யார் சொல்லி வந்தாளோ தெரியாது. கீழே நின்று, தான் கை பிடித்து நடக்கப் பழக்கிய தங்கச்சியைக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"கோழி முட்டை ஒரு தட்டு என்ன விலை?"

"ஒனக்கு எதுக்கு? நீதான் பத்தியக்காரியாச்சே. யாருக்கு?"

"என் தங்கச்சிக்கு," என்றாள் காக் லோங். "நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சவ. தினம் ரெண்டு வெள்ளைக்கரு கொடுக்கணுமாம்."

காக் தோம் தலையைக் குனிந்து தட்டில் முட்டையை எடுத்து வைக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதாக, பெரியதாகப் பொறுக்கி வைத்தாள். வைத்து முடிக்க நேரம் பிடித்தது. அப்புறம் விலையைச் சொன்னாள்.

"கூடப்பொறந்தவ, கொறைக்க மாட்டியா?"

"கொறைக்க மாட்டேன்," என்றாள், மேலேயிருந்து.