உள்ளே இருப்பது யார் என்று சொல்லக்கூடாது

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்ததால் அவளுக்கு ஜெராக்ஸ் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாய் ஓயாது. அடையாள அட்டையை நகலெடுக்க வருகிறவர்களிடம், "போட்டோல இருக்கறது நீங்கதானா, இல்ல உங்களுக்கு ஆகாதவங்க யாராவதா?" என்று கேட்டுச் சிரிக்கவைப்பாள். ஒரு காலத்தில் இவள் வருஷக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

கல்யாணப் பேச்சு முறிந்த சமயத்தில் அவளுக்கு மனநிலை சரியில்லாமல் போனது. தூக்கம் போயிற்று. காதுக்குள் குரல்கள் கேட்டன. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாரே என்று, அண்ணன், அண்ணி, வீடு என்று மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். குடும்பத்துக்குத் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்து, அவர் அதை அப்படியே அண்ணனிடம் சொல்லிவிட்டார். வீடு திரும்பியதும் சோற்றுத் தட்டை அவள் முன்னால் வைத்தபடியே அண்ணி கேட்டாள்: "என்னப் பாத்தாலே உனக்குப் பயமா இருக்காமே?"

அன்றைக்கு மூடிய வாய்.

மாத்திரையும் காலமும் சேர்ந்து மெல்ல அவளைத் தூக்கி நிறுத்தின. அண்ணன் வீட்டை விட்டு, தம்பி குடும்பத்தோடு தனி வீட்டுக்கு வந்தாள். தம்பி எலக்ட்ரீஷியன். அவளை ஜெராக்ஸ் கடையில் சேர்த்துவிட்டதும் அவன்தான். அங்கே வருகிறவர்களோடு பேசிப் பேசித்தான் அவள் வாய் திறந்தது.

பிறகு சைக்கிள் கடை மாடியில் ஒரு மனநல உதவி மையம் திறந்தார்கள். அதை நடத்திய மேடம், நோயை அனுபவித்தவர்களும் நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும் என்று இவளைக் கூப்பிட்டாள். முதல் சில கூட்டங்களில் இவள் தன் கதையைச் சொன்னாள், எல்லோரும் கைதட்டினார்கள், டீ கொடுத்து அனுப்பினார்கள். முடிவெல்லாம் இவள் படியிறங்கிய பிறகு எடுத்தார்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள்: "மேடம், என்னக் கதை சொல்லக் கூப்பிட்டீங்களா, இல்ல யோசனை கேக்கக் கூப்பிட்டீங்களா?"

மேடத்துக்கு முகம் சுருங்கினாலும், "சரி, சொல்லுங்க" என்றாள்.

"வந்தவங்க சம்மதம் இல்லாம எதுவும் வெளிய போகக்கூடாது. வந்தாங்களா வரலையான்னுகூடச் சொல்லக்கூடாது. வீட்டு ஆளுங்க கேட்டாலும் சரி."

உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு என்று சேர்த்து, அதை விதியாக்கினார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணை இவளே பழக்கினாள். "நான் பெத்தவ மாதிரி வந்து அழுவேன். நீ அசையவே கூடாது." அழுது காட்டினாள். அந்தப் பெண்ணுக்கும் அழுகை வந்துவிட, இருவரும் சிரித்தார்கள்.

அந்த வருஷம் தம்பியின் மனைவி குழந்தையோடு பிரிந்து போனாள். தம்பி வேலைக்குப் போவதை நிறுத்தினான். சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "மையத்துக்கு ஒரு தடவ வாடா" என்று நச்சரித்தாள்.

"உனக்குத் தெரிஞ்சவங்க இருக்கற எடத்துக்கா? ஆள விடு."

ஒருநாள் வெளியே போனவன் வீடு திரும்பவில்லை. போன் அணைந்திருந்தது. மறுநாள் மதியம்வரை தெரிந்த இடமெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் மையத்தின் மாடிக்கு ஏறினாள். வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளில் ஒன்றின் அறுந்த வார் ஒயரால் கட்டப்பட்டிருந்தது. தம்பியுடையது.

"உள்ள இருக்கானா? உசுரோட இருக்கான்னு மட்டும் சொல்லு" என்றாள்.

மேசைப் பெண்ணின் கண் கலங்கியது. "அக்கா, நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க..."

"எனக்கே சட்டம் பேசறியா நீ?" என்று கத்தினாள். அந்தப் பெண் அசையவில்லை. கத்திய வேகத்திலேயே இவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கதவு திறந்தது. தம்பி வெளியே வந்தான். முகம் அழுது வீங்கியிருந்தாலும் கொஞ்சம் லேசாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் இறுகியது.

"போன் பண்ணிச் சொல்லிட்டாங்க, இல்ல?"

"சத்தியமா இல்லடா. நானா தேடிட்டு வந்தேன்."

"நீ இங்க உள்ளாளு. நான் உள்ள பேசினதெல்லாம்கூட இந்நேரம் உன் காதுக்கு வந்திருக்கும்."

"ஒரு வார்த்த வரலடா. கேட்டுப்பாரு."

அவன் யாரையும் கேட்கவில்லை. அதன்பிறகு அந்தப் படியை அவன் மிதிக்கவும் இல்லை. மாதம் திரும்புவதற்குள் வேறு ஊரில் கட்டட வேலை இருக்கிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த கூட்டத்தில் மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமா? கூடப்பொறந்தவங்களுக்காவது?"

"வேண்டாம் மேடம். எங்க அண்ணனும் கூடப்பொறந்தவர்தான்."

பிறகு அவளே சொன்னாள்: "குழுவுல இருக்கறவங்க வீட்டு ஆளுங்கள வேற மையத்துக்கு அனுப்புங்க. நாங்க இருக்கற எடத்துல அவங்க எப்படி மனசு விட்டுப் பேசுவாங்க? அப்புறம், வெளிய காத்துக் கெடக்கறவங்களுக்குன்னு கீழ ஒரு எடம் குடுங்க. அவங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்க சொல்றதக் கேக்க ஒரு ஆள் இருந்தாப் போதும்."

ரொம்ப நாள் இழுத்தடித்த பிறகு, சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கிடைத்தது. முதல் நாள் அவளும் போய், காத்திருக்கிறவர்களோடு ஒருத்தியாக உட்கார்ந்தாள். பேச அவள் முறை வந்தபோது, "அடுத்தவங்களக் கேளுங்க" என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் மகளைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி எப்போதாவது போன் செய்வான். அங்கே வெயில் அதிகம், மேஸ்திரி சிடுமூஞ்சி என்பான். ஒரே ஒரு தடவை, "நீ இருக்கற ஊர்லயும் மையம் இருக்காம்டா" என்றாள். அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான். அதற்குப்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவன் குரலை வைத்து, தூங்கினானா, சாப்பிட்டானா என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறாள். பெரும்பாலும் தெரிவதில்லை.