கடைசிப் பெட்டியிலிருந்து இரண்டு தட்டு

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கவலையில்லை. என் மனைவி சாட்சி, என் மகள் சாட்சி. எங்கள் வீட்டுப் பீரோவின் அடியில் மடித்து வைத்திருக்கும் ஒரு நீலச் சட்டையும் சாட்சி. அந்தச் சட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் தனசேகர். புதுச்சத்திரம் பக்கம் வீடு. சொந்தமாக ஒரு லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். மாதத்தில் பாதி நாள் குஜராத், மகாராஷ்டிரா என்று ரோட்டில்தான் போகும். ஆளரவமில்லாத இடங்களில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தனியாகத் தூங்கி எழுந்தவன் நான். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு நானே ஆரம்பிக்கிறேன் பாருங்கள்.

மகள் சௌமியாவுக்கு எட்டு வயது. போன பிறந்த நாளுக்கு நான் நாக்பூரில் லோடு இறக்க முடியாமல் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை என்ன ஆனாலும் அவள் கேட்கிற இடத்துக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் கேட்டது ஒரு தீம் பார்க். எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, பெயர் வேண்டாம். செல்போன் விளம்பரத்தில் அங்கே ஒரு குகை ரயில் வரும். முன்னால் ஸ்டீரிங் வைத்த குட்டி எஞ்சின், பின்னால் நான்கு பெட்டி. அந்த ஸ்டீரிங்கைப் பார்த்ததிலிருந்து பிள்ளை வேறு பேச்சே பேசவில்லை.

போய் இறங்கியதும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டது. விளம்பரத்தில் தண்ணீர் பீய்ச்சிய டால்பினின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. வாசல் கரடிக்கு மூக்கு இல்லை, உள்ளே இருந்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. நீச்சல் குளம் பச்சைப் பசேல். எஃப்.சி. தகுதிச் சான்றிதழுக்குப் போகிற முப்பது வருஷ லாரிக்குக்கூட இதைவிட நன்றாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். போதாக்குறைக்கு, பெயர்ந்து கிடந்த ஒரு டைல்ஸில் என் மனைவி ஸ்ரீதேவி கால் இடறிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள்.

“ஏனுங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன். புள்ள ஆசப்பட்டுச்சு, அந்த ரயில்ல மட்டும் ஏத்திக் கூட்டிட்டு வந்துருங்க. ஊட்டுக்குப் போயிரலாம்” என்றாள்.

மணி ஐந்து நாற்பது. மேகம் மூடி, சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது.

குகை ரயில் பார்க்கின் கடைசி மூலையில் இருந்தது. சிமென்டில் மலைபோலக் கட்டி, நடுவில் வாய் பிளந்த மாதிரி ஒரு நுழைவு. மேடையில் ரயில் நின்றது. சுவிட்ச் அறையில் யாரும் இல்லை. தடுப்புச் சங்கிலி அறுந்து தரையில் கிடந்தது. தண்டவாளத்துக்குள் முழங்கால் உயரத்துக்குப் புல்.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் சௌமியா ஓடிப்போய் எஞ்சினில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு இறங்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆள் வரட்டும், அதுவரை விளையாடட்டும் என்று நினைத்தேன்.

“அப்பா, நான் டிரைவர். நீங்க கிளீனர்!”

கிளீனருக்கு இடம் பின்னால்தானே? நான் கடைசிப் பெட்டியில் போய் உட்கார்ந்து, மடிக்குக் குறுக்கே வரும் கம்பியை இழுத்துவிட்டேன்.

லாரித் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். கிளீனர் பின்னால் நின்று பாடியில் கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். இருபது வருஷப் பழக்கம். கை தானாகப் போனது. பெட்டியின் தகரத்தில் ஓங்கித் தட்டினேன்.

டப்... டப்.

“போலாம் ரைட்!”

ரயில் நகர்ந்தது.

ஆபரேட்டர் வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சுவிட்ச் அறையைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் யாருமில்லை. சரிவில் உருளுகிறதோ என்றால், குகைக்குள் போகிற பாதை மேடாக இருந்தது. அதில் ரயில் ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம் கொஞ்சமும் இல்லை. சக்கரம் துருவில் அரைபடுகிற சத்தம் மட்டும்... கிரீச்... கிரீச்...

“சௌமியா, குதிச்சுரு சாமி!”

அவளுக்குக் கேட்பதற்குள் எஞ்சின் இருட்டுக்குள் போய்விட்டது.

நான் கம்பியைத் தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மகள் முன்னால், நான் பின்னால், நடுவில் மூன்று காலிப் பெட்டி.

உள்ளே அப்படி ஒரு கும்மிருட்டு. வௌவால் நாற்றம். செல்போன் டார்ச்சை அடித்தேன். சுவரில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள், கை இல்லாமல், தலை இல்லாமல் தொங்கின. அவற்றைப் பார்த்து எனக்குப் பயமில்லை. ஓடாத ரயில் ஓடுகிறதே என்றுதான் பயம்.

“அப்பா...” முன்னாலிருந்து அவள் குரல். “நாந்தான் ஸ்டீரிங்க விட்டுட்டனே... ஏம்ப்பா இன்னும் போவுது?”

“ஒண்ணுமில்ல சாமி. அப்பா வாரேன். கெட்டியாப் புடிச்சுக்கோ.”

பிறகு அவள் சொன்னாள்.

“முன்னால ஒரு மாமா குத்தவெச்சிருக்கறாங்கப்பா.”

என் கை கம்பியிலேயே நின்றுவிட்டது.

“எங்க சாமி?”

“தண்டவாளத்துல... எதையோ தடவீட்டிருக்கறாங்க... அப்பா, நவுர மாட்டீங்கறாங்க... அப்பா! நிறுத்துங்கப்பா!”

டப்.

ஒரே தட்டு. ரயிலுக்கு அடியிலிருந்து.

ரயில் நின்றது.

அதே நொடியில் என் மடிமேல் இருந்த கம்பி தளர்ந்தது. நான் பெட்டி பெட்டியாகத் தாவி முன்னால் போனேன். சௌமியா ஸ்டீரிங்மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கினாள்.

“மாமாவ இடிச்சுட்டேன்ப்பா... நாந்தாம்ப்பா இடிச்சுட்டேன்...”

வண்டி ஓட்டுகிறவன் எவனுக்கும் கனவில்கூடக் கேட்கக் கூடாத வார்த்தை அது. என் பிள்ளை எட்டு வயதில் அதைச் சொன்னாள். நான் குனிந்து டார்ச்சை அடித்து எஞ்சினுக்கு அடியில் பார்த்தேன்.

யாருமில்லை.

ஆனால் அங்கே தண்டவாளம் பளபளத்தது. வழியெல்லாம் துரு. அந்த இடத்தில் மட்டும் புதுக் கிரீஸ். தொட்டேன், விரலில் ஒட்டியது. ஈரம் காயவில்லை.

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பின்னால் போக வழியில்லை, ரயில் அடைத்து நின்றது. முன்னால் தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்து நடந்தேன். செல்போன் எங்கே விழுந்தது என்று தெரியாது. எடுக்கவும் நிற்கவில்லை.

பாதி தூரம் வந்திருப்போம்.

பின்னால்...

டப்... டப்.

கடைசிப் பெட்டியிலிருந்து. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து.

கிரீச்...

ரயில் வந்தது. இந்தத் தடவை வேகமாக வந்தது.

ஓடினேன். ஒரு கட்டை தடுக்கியது. விழாமல் சுவரோடு ஒட்டினேன். சுவருக்கும் ரயிலுக்கும் இடையில் ஆள் நிற்க இடமில்லை. அது கண்ணாலேயே தெரிந்தது. சௌமியாவைச் சுவர்ப் பக்கம் அணைத்துக்கொண்டு முதுகைக் காட்டினேன்.

கிரீச்... கிரீச்...

தட்ட வேண்டும். ஒரே ஒரு தட்டு. கை இல்லை. இரண்டு கையும் மகளைப் பிடித்திருந்தன.

கண்ணை மூடினேன்.

டப்.

என் காதுக்குப் பக்கத்தில்.

நின்றது.

முதுகில் ஏதோ பட்டது. எஞ்சினின் தகரம் இல்லை. மெத்தென்று... கை வைத்த மாதிரி.

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினேன்.

வெளியே வந்து விழுந்தபோது, என் கூச்சலைக் கேட்டு ஒரு பெரியவர் டார்ச்சோடு ஓடிவந்தார். பார்க்கிங்கில் நிற்கிற அப்புசாமி. வரும்போது என் வண்டிக்கு இடம் காட்டியவர்.

“எப்படிங்க உள்ள போனீங்க?”

“ரயில்லதான். ஆளில்லாத ரயில இப்படியா தெறந்து போட்டு வெப்பீங்க? எம்புள்ள செத்திருக்கும்!” என்று அவர் சட்டையைப் பிடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. முகம் வெளுத்துப்போனது.

“எந்த ரயிலுங்க? அதுக்குத்தான் மோட்டாரே இல்லீங்களே.”

நம்பாமல், இன்னும் இரண்டு மூன்று ஆட்களோடு உள்ளே போனேன். குகையின் நடு வளைவைத் தாண்டி ரயில் நின்றது. எஞ்சின் மூடியை நானே தூக்கினேன். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் ஓட்டை, ஒரு எலி வளை, வெட்டிச் சுருட்டிய வயர். பழுது பார்த்து வைண்டிங் கட்டக் கழற்றிப்போன மோட்டார் மாசக்கணக்காகத் திரும்பி வரவில்லையாம். அந்த ரயிலை மேடைக்குத் தள்ள நாங்கள் எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்கவேண்டியிருந்தது. மேடையோரப் புல்லுக்குள் ‘இயங்காது’ என்ற பலகை குப்புற விழுந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கக்கூட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்ரீதேவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது அவளேதான் கேட்டாள்.

“ஏனுங்க, உங்க முதுகுல இது ஆரு கையி?”

நீலச் சட்டையின் முதுகில் கிரீஸ். ஐந்து விரலும் விரித்த ஒரு முழுக் கை. என் கையைவிடப் பெரியது.

சௌமியா அதன்பிறகு தூக்கத்தில் அழ ஆரம்பித்தாள். ஒரே வார்த்தை. “மாமாவ இடிச்சுட்டேன்.” வேப்பிலை அடித்தோம், கயிறு கட்டினோம், டாக்டரிடமும் காட்டினோம். குறையவில்லை. அங்கே அப்படி யாருமே இல்லை, நீ யாரையும் இடிக்கவில்லை என்று அவளுக்கு உறுதியாகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஒரு மாதம் கழித்து, பட்டப்பகலில், நான் மட்டும் அந்தப் பார்க்குக்குத் திரும்பப் போனேன்.

ஆபீஸில் மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெளியே வந்தபோது அப்புசாமி என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

“ஆண்டின்னு ஒருத்தன் இருந்தானுங்க. முன்னால லாரில கிளீனரா இருந்தவன். அப்ப அந்த ரயிலுக்கு நாந்தானுங்க சுவிட்ச் போடறவன். மேடைல வண்டி கெளம்பச் சொல்ற பெல்லு கெட்டுப்போச்சு. சொல்லிச் சொல்லிப் பாத்தோம், சரி பண்ணித் தரல. அப்பறம் ஆண்டிதான் சொன்னான், நான் தட்டறேன், நீ சுவிட்ச் போடுன்னு. ரெண்டு தட்டுக்குப் போறது. ஒரு தட்டுக்கு நிறுத்தறது. ஒரு வருசம் அப்படியேதானுங்க ஓட்டுனோம்.”

அவர் ரயில் மேடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“அன்னிக்கு அவன் கிரீஸ் வெக்க உள்ள போயிருந்தான். ஆளுக வண்டீல ஏறி உக்காந்துட்டாங்க. ரெண்டு தட்டுக் கேட்டுச்சு. ஆண்டி வெளிய வந்துட்டான்னு நெனச்சு நான் சுவிட்சப் போட்டுட்டனுங்க. வண்டி மோதி உள்ளயே செத்துட்டானுங்க. நிறுத்தச் சொல்லி ஒரு தட்டுத் தட்டியிருக்கறான். எஞ்சின் மூஞ்சில அவன் கிரீஸ் கையி அப்படியே பதிஞ்சிருந்துச்சு. பாட்டுச் சத்தத்துல எனக்குத்தான் கேக்கல.”

நான் கேட்டேன். “ரெண்டு தட்டு... ஆரு தட்டுனது?”

“ஒரு அப்பாங்க. புள்ளைய எஞ்சின்ல உக்கார வெச்சுட்டு, கடைசிப் பெட்டில இருந்து வெளையாட்டுக்குத் தட்டுனாரு.”

நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. என் மகளிடம் போய் இனி என்ன சொல்வது என்று மட்டும் யோசித்தேன்.

அப்போது பார்க்கின் மூலையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. குழந்தைகளின் கூச்சலும் கேட்டது.

“மோட்டார் வந்துருச்சுங்க” என்றார் அப்புசாமி. “நேத்திருந்து ஓட்டறாங்க.”

“பெல்லு?”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

மேடைப் பக்கம் யாரோ தகரத்தில் தட்டினார்கள்.

டப்... டப்.